அண்ணி பார்த்த சத்தம்

என் அண்ணிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. இதைச் சொன்னதும் "ஐயோ பாவம்" என்று முகத்தைச் சுருக்குகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. அதனால் முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அவள் கையால் பேசுவாள். அதை நான் இங்கே வாயால் பேசுவது போலத்தான் எழுதப்போகிறேன். கைக்கு "நீ", "நீங்க" என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. அண்ணனிடம் அவள் பேசும்போது மரியாதை சேர்ப்பதும், திட்டும்போது மரியாதையைக் கழற்றுவதும் என் வேலை. அவள் முகத்தைப் பார்த்தாலே எது எந்த நேரம் என்று தெரிந்துவிடும்.

அண்ணி ஓர் அச்சுக்கடையில் டைப் அடிக்கிறாள். விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், கடைப் பெயர்ப்பலகை எல்லாம் அவள் கையால்தான் வெளியே போகும். கடையில் அவளுக்குப் பெயர் "கமா". வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்ததில் கமா இல்லையென்றால் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அண்ணன் அவளைப் பார்த்ததும் அப்படித்தான். அவன் வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவன், குழாய் வேலையும் தெரியும். "எலக்ட்ரீசியன் பிளம்பர் வேலைகள்" என்று கார்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். அவள் ஒரு கழிவுக் காகிதத்தின் பின்பக்கத்தில் கேட்டாளாம்: "எலக்ட்ரீசியன் பார்க்கும் பிளம்பர் வேலையா, இல்லை இரண்டும் தனித்தனியா?" அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் போன் நம்பர் தப்பாக இருக்கிறதென்று போனான். அது தப்பாக இல்லை. அப்புறம் எழுத்தின் நிறத்தை மாற்றப் போனான். ஒரு கார்டுக்கு இத்தனை திருத்தமா என்று கடை முதலாளிக்குச் சந்தேகம் வந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது.

இப்போது வீட்டில் நாங்கள் நான்கு பேர். அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நான். மகளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம், காரணம் கேட்க வேண்டாம். வாலுவுக்குக் காது நன்றாகக் கேட்கும். வாய் திறந்து பேசுவதற்கு முன்பே கையால் பேசியவள் அவள். பேச வந்தபிறகு வாயை மூடவே இல்லை. பல் தேய்த்தாலும் பாட்டு, செருப்பு மாட்டினாலும் பாட்டு.

ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் பாட்டு டீச்சர் எங்களை நிறுத்தினார். "உங்க பொண்ணோட குரல் அப்படியே நிக்குதுங்க. இந்த வயசுல இப்படி நிக்கறது ரொம்ப அபூர்வம்" என்றார். நான் கையால் சொன்னேன். அண்ணி தலையாட்டிச் சிரித்தாள். தெருவைக் கடந்ததும் என் தோளைத் தட்டினாள்.

"நிக்குதுன்னா என்ன? எங்க நிக்குது?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் அண்ணனைக் கேட்டாள். அவன் பையிலிருந்து ஒரு செம்புக் கம்பியை எடுத்து இரண்டு முனையையும் விறைப்பாக இழுத்துக் காட்டினான். "இப்படி." பிறகு தளரவிட்டான். "இப்படி இல்ல."

"அது கம்பி" என்றாள் அண்ணி. "நான் கேட்டது குரல்."

அதோடு விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தோம். அவள் விடவில்லை. கடையில் கம்ப்யூட்டர்களை மாற்றியபோது முதலாளி கொடுத்த பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தது. சத்தத்தைப் படமாக வரைந்து காட்டுகிற மென்பொருள் உண்டென்று எங்கேயோ படித்து, அது அந்த லேப்டாப்பின் ஸ்டோரிலேயே இலவசமாகக் கிடைக்கிறது என்பதையும் கண்டுபிடித்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாலு தூங்குகிற நேரம், அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி காலால் தரையைத் தட்டினாள். எங்கள் வீட்டில் "இங்கே வா" என்பதற்கு அதுதான் பாஷை.

திரையில் "இலவசம்" என்ற பொத்தானை அமுக்கியதும், அக்கவுண்ட் இருந்தால்தான் தருவேன் என்று ஒரு பெட்டி வந்து நின்றது. பெயர் கேட்டது, பிறந்த தேதி கேட்டது, போன் நம்பர் கேட்டது. எல்லாம் கொடுத்தாள். குறியீட்டு எண்ணை மெசேஜில் அனுப்புகிறேன் என்றது. மெசேஜ் வரவே இல்லை. மறுபடி கேட்டாள், வரவில்லை. கடைசியில் அதுவே ஒரு வழி சொன்னது: எண் வரவில்லையா, உங்களுக்குப் போன் செய்து சொல்கிறோம்.

அண்ணி அந்த வரியை எனக்குக் காட்டிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தாள். "சொல்றாங்களாம். காதுல."

"நான் எடுத்துக் கேட்டுச் சொல்றேன் அண்ணி" என்றேன்.

பட்டென்று லேப்டாப்பை மூடினாள். "வேண்டாம்."

அவளுக்குக் கோபம் வந்தால் கை வேகமாகிவிடும், எனக்கே பாதி புரியாது. அன்று மெதுவாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சேர அம்மா போய்ப் பேசினாள். பேங்கில் அப்பா பக்கத்தில் நின்று "இவ என் பொண்ணுதான்" என்றார். போன் நம்பர் அண்ணன் பெயரில் இருக்கிறது. வாலு பிறந்த அன்று டாக்டர் அண்ணனைப் பார்த்து "எங்க வலிக்குது?" என்று கேட்டார். வலி இவளுக்கு.

"சும்மா குடுக்கற பொருள்" என்றாள். "அதை வாங்கவும் நான் யாருன்னு இன்னொருத்தர் வந்து சொல்லணுமா?"

நான் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தேன்.

அந்த வாரம் முழுக்க அச்சுக்கடையில் சாப்பாட்டு நேரத்தில் வேறு வழி தேடியிருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அதே மாதிரி தரையைத் தட்டினாள். போய்ப் பார்த்தால் திரை முழுக்கக் கறுப்பு. படம் இல்லை, பொத்தான் இல்லை. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக் மினுக் என்று காத்துக்கொண்டிருந்தது. எனக்குத் திக்கென்றது. சினிமாவில் பேங்கைக் கொள்ளையடிக்கிறவர்கள்தான் இப்படி ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

"அண்ணி, இது ஏதாவது திருட்டு வேலை இல்லையே?"

"அதே ஸ்டோர்தான். கட்டளை எழுதிக் கேக்கற இந்த வாசலையும் அவங்களேதான் வெச்சிருக்காங்க. முன்வாசல்ல நீ யாருன்னு கேக்கறாங்க. இங்க என்ன வேணும்னு மட்டும் கேக்கறாங்க. இலவசமா இருக்கறதுக்கு அது போதுமாம்."

தேடு என்பதற்கான சொல்லை அடித்து, பக்கத்தில் மென்பொருளின் பெயரை அடித்தாள். கறுப்பில் வெள்ளை எழுத்தாக ஒரு வரிசை இறங்கியது. ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான குறி. தனக்கு வேண்டியதன் குறியை எடுத்துக்கொண்டாள். நிறுவு என்று கேட்கும் கட்டளையை, தான் படித்த இணையப் பக்கத்திலிருந்தே ஒற்றி எடுத்து ஒட்டி, அதில் இந்தக் குறியைச் சேர்த்தாள். சிவப்பில் ஒரு திட்டு வந்தது, புரியவில்லை என்று. இன்னொரு முறை ஒட்டினாள். மறுபடி அதே திட்டு.

அண்ணி மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். கடையில் எழுத்துப் பிழை தேடும்போதும் அப்படித்தான் குனிவாளாம். சட்டென்று நிமிர்ந்து விரலால் ஓர் இடத்தைத் தொட்டாள். குறிக்கு முன்னால் இரண்டு சின்னக் கோடுகள் இருக்கவேண்டும். அந்தப் பக்கத்தில் அவை ஒட்டிக்கொண்டு ஒரே நீளக் கோடாக ஆகியிருந்தன.

"அழகா இருக்கட்டும்னு ஒட்டி வெச்சிருக்காங்க" என்று சிரித்தாள். "நாள் பூரா கடையில நானும் இதைத்தான் பண்றேன்."

நீளக் கோட்டை அழித்து, இரண்டு சின்னக் கோடுகளைத் தட்டி, எண்டரை அமுக்கினாள்.

இந்தத் தடவை அது திட்டவில்லை. மளமளவென்று சில வரிகள் வந்தன. விதிமுறைகள் இவை, சம்மதமா என்று கேட்டது. நீங்கள் இருக்கும் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்தை ஸ்டோருக்கு அனுப்புவேன் என்றும் சொன்னது. அவ்வளவுதான். பெயரைக் கேட்கவில்லை. பிறந்த தேதியைக் கேட்கவில்லை. அண்ணி விதிமுறையை ஒரு வரி விடாமல் படித்தாள், அவள் சுபாவம் அது. பிறகு ஆம் என்பதற்கான ஒற்றை எழுத்தைத் தட்டினாள். ஒரு பட்டை இடமிருந்து வலமாக நிரம்பிக்கொண்டே போனது. நிறுவியாயிற்று என்றது. மறுபடி அந்தச் சின்னக் கோடு, இன்னும் ஏதாவது வேண்டுமா என்கிற மாதிரி மினுக்கிக்கொண்டு நின்றது.

அண்ணியின் இரண்டு கையும் மடியில் கிடந்தன. பேசுகிற கை அப்படிச் சும்மா கிடப்பது, நம்மைப் போன்றவர்கள் வாயடைத்துப் போவதற்குச் சமம். பிறகு கை எழுந்தது.

"நான் கேட்டேன். குடுத்துடுச்சு."

"ஆமா அண்ணி."

"உனக்குப் புரியல. இது என்கிட்ட பேசுச்சு. கத்தல. வாயைப் பெருசு பெருசா திறக்கல. யாராவது கூட வந்திருக்காங்களான்னு பின்னாடி பார்க்கல. நான் எழுதினேன், அது எழுதுச்சு. தப்புன்னா தப்புன்னுச்சு. சரின்னதும் குடுத்துடுச்சு."

அதுவரைக்கும் எனக்கு அது ஒரு கறுப்புத் திரை. அதன் பிறகு நான் அதை அப்படிப் பார்த்ததில்லை.

வாலு கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். அண்ணி அவளை மடியில் உட்கார வைத்து, மென்பொருளைத் திறந்து, பாடு என்றாள். வாலு தூக்கக் கலக்கத்தோடு "ஆ..." என்று இழுத்தாள். திரையில் இடமிருந்து வலமாகக் கோடுகள் பிறந்து வந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக, படுக்கப் போட்ட ஏணிப்படி மாதிரி, அடியில் பளிச்சென்றும் மேலே போகப் போக மங்கலாகவும். எதுவும் வளையவில்லை. மூச்சு முடிகிற வரைக்கும் நூல் பிடித்த மாதிரி ஓடி, மூச்சு நின்ற இடத்தில் வெட்டினாற்போல் நின்றது.

அண்ணி விரலை அந்தக் கோட்டின் மேல் வைத்து இழுத்துக்கொண்டே போனாள்.

"நிக்குது" என்றாள். இன்னொரு முறை, பெரிதாக: "நிக்குது!"

வாலுவைப் பாடச் சொன்னாள், பேசச் சொன்னாள், தும்மச் சொன்னாள். வராத தும்மலுக்காக வாலு மூக்கில் துணி நுனியை விட்டாள். பிறகு அண்ணி, "போதும், கொஞ்சம் சும்மா இரு" என்றாள். எப்படியோ சும்மாவும் இருந்தாள் வாலு. நானும் அசையவில்லை. ஏணியெல்லாம் மறைந்து திரை இருண்டது. ஆனால் அடியில், தரையோடு தரையாக, ஒரு மெல்லிய கோடு மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

அண்ணி எங்கள் இருவர் வாயையும் பார்த்தாள். மூடியிருந்தன. ஏதோ கோளாறு என்று மென்பொருளை மூடித் திறந்தாள். கோடு அங்கேயே இருந்தது. மைக் இருக்கும் ஊசித் துளையை முந்தானையால் துடைத்தாள். அப்போதும் இருந்தது.

அந்த நேரத்துக்கு அண்ணன் வந்தான். விஷயத்தைச் சொன்னோம். கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். பிறகு சமையலறைக்குப் போய் பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான். கோடு அறுந்தது. மாட்டினான். கோடு வந்தது. அவனுக்கே நம்பிக்கை வராமல் மறுபடி பிடுங்கி மாட்டினான்.

"பிரிட்ஜ்" என்றான் கையால். "மோட்டார் ஓடற சத்தம்."

"இது எப்பவும் இருக்கா?" என்றாள் அண்ணி.

"எப்பவும்னு சொல்ல முடியாது. அது நின்னா பேன் இருக்கும். பேன் நின்னா தெருவுல ஏதாவது ஒண்ணு."

"உங்களுக்குக் கேக்குதா?"

அண்ணன் யோசித்தான். "காதுல விழுது. நான் கேக்கறதில்ல."

அண்ணி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். இத்தனை வருஷம் கூடவே இருந்தவர்களை அன்றைக்குத்தான் முதலில் பார்ப்பது போன்ற பார்வை.

"நான் என்ன நினைச்சிருந்தேன்னா, யாரும் பேசாம இருக்கும்போது நீங்களும் என்னை மாதிரி ஆயிடுவீங்கன்னு."

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகும், அவள் நினைத்திருந்த அந்த அமைதி ஒருநாளும் எங்களுக்கு வந்ததில்லை. அப்படி ஒன்று இருக்கிறதென்று நாங்களும் நினைத்துப் பார்த்ததில்லை. அண்ணிதான் முதலில் சிரித்தாள்.

"டீச்சர்கிட்ட சொல்லணும். நம்ம வீட்ல குரல் ரொம்ப நல்லா நிக்கறது பிரிட்ஜுக்குத்தான்."

அதன் பிறகு வீட்டில் எதற்கும் ரகசியம் இல்லாமல் போயிற்று. சாவிக்கொத்தைக் குலுக்கினால் திரையில் பொறி பறந்தது. அண்ணன் குறட்டை மலைத்தொடராக வந்தது. அதைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டப்போவதாக அண்ணி மிரட்டினாள். ஒரு கொசு குறுக்கே போய், மெல்லிசாக வளைந்து நெளிந்த கோடு ஒன்றை விட்டுச் சென்றது. ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் லேப்டாப்பை வானத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேகம் போறதுக்குச் சத்தம் இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல அண்ணி."

"இத்தனூண்டு கொசுவுக்கு ஒரு கோடு இருக்கு. அவ்வளவு பெரிய மேகம் சும்மாவா போகுது?"

சும்மாதான் போய்க்கொண்டிருந்தது. நானும் அண்ணாந்து பார்த்தேன். மேகம் சத்தமில்லாமல் போவது ஓர் அதிசயம் என்று யாரும் எனக்கு அதுவரை சொன்னதில்லை.

தன் குரலை மட்டும் அவள் வரைந்து பார்க்கவில்லை. சின்ன வயதில் தொண்டையில் கை வைத்துப் பேசப் பழக்கியிருக்கிறார்கள். பஸ்ஸில் ஒருநாள் பேசியபோது பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்த்திருக்கிறாள். அத்தோடு நிறுத்திவிட்டாள். வாலுவைக் கூப்பிட மட்டும் ஒரு சத்தம் வைத்திருந்தாள், எழுத்தில் எழுத முடியாத ஒரு சத்தம். தெருக்கோடியில் விளையாடிக்கொண்டிருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு வாலு ஓடி வந்துவிடுவாள்.

வாலுதான் கேட்டாள். "அம்மா, நீ பாடு."

"எனக்குத் தெரியாது."

"தெரிய வேணாம். பார்த்துப் பாடு. நான் கோடு போட்டுக்கிட்டே இருக்கேன், நீ வந்து சேர்ந்துக்கோ."

வாலு "ஆ..." என்று ஆரம்பித்தாள். ஏணி ஓடத் தொடங்கியது. அண்ணி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் கையில் ஏதோ ஒயரோடு வாசற்படியில் நின்றிருந்தான். நான் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணி வாய் திறந்தாள்.

வாலுவின் ஏணிக்குக் கீழே இன்னொரு ஏணி முளைத்தது. தடித்து, நனைந்த கயிறு மாதிரி துவண்டு ஆடியது. அண்ணி கண்ணை எடுக்காமல் அதை மேலே தள்ளினாள். ஏறியது, ஏறி வாலுவின் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. கீழே இறக்கினாள். மூச்சு தீர்ந்தது. வாலு மூச்சு வாங்கி மறுபடி பிடித்தாள். அண்ணியும் மறுபடி பிடித்தாள். கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கோடு ஏறியது, ஆடியது, ஆட்டம் குறைந்தது, பக்கத்தில் வந்தது. பிறகு திரையில் இரண்டு ஏணி இல்லை, ஒன்றுதான் இருந்தது.

அதை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஒரு குழந்தைக் குரலும், காது கேட்காத ஒருத்தியின் கரகரத்த குரலும் அறைக்குள் ஒன்றாகி, எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் போயிற்று. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் விரலில் அந்த அதிர்வு தெரிந்தது. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு வாலு சிரித்துவிட்டாள், ஏணி கலைந்தது.

சரியாக வந்ததா என்று அண்ணி எங்களைக் கேட்கவில்லை. திரையில் இருந்தது, அவளே பார்த்துக்கொண்டாள். அண்ணன்தான் ஒயரை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு முகத்தைத் துடைத்தான்.

"தொண்டை எரியுது" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்து, அண்ணி காய் நறுக்கப் போனாள். வாலு முந்தானையைப் பிடித்து இழுத்து "இன்னொரு தடவை" என்றதற்கு, "இன்னொரு நாள்" என்றாள். அப்புறமும் எப்போதாவது பாடுவாள், கேட்டால் பாடமாட்டாள்.

விஷயம் அண்ணியின் பழைய பள்ளிக்கூடத் தோழிகளுக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருவராக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி தையற்காரி. இன்னொருத்தி தன் வீட்டுக்காரரையும் கூட்டி வருவாள், அவர் தச்சர். எவருக்கும் காது கேட்காது. அண்ணி ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் கறுப்புத் திரையைத் திறந்து, அந்த ஒரு வரியைத் தட்டி, விதிமுறையைப் படிக்கக் காத்திருந்து, சம்மதம் என்ற எழுத்தை மட்டும் அவரவரையே அமுக்கச் சொல்வாள். பட்டை நிரம்பும்போது எல்லோரும் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். தையற்காரி வீட்டுக்குப் போய்த் தன் தையல் மெஷினின் சத்தத்தைப் பார்த்திருக்கிறாள். மழைத்துளி விழுந்த மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது என்றாள்.

அவள் சொன்னதைப் பார்த்துத் தச்சர், "நிஜ மழை எப்படி இருக்கும்?" என்றார்.

அதற்கு அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் எல்லோரும் வந்திருந்த ஒரு மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு கொட்டியது. அண்ணி லேப்டாப்பை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தாள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். இந்தத் தடவை கோடு இல்லை, ஏணி இல்லை, புள்ளி இல்லை. அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஓர் ஊசி நுழைய இடமில்லாமல் நிறம் கொட்டி நிறைந்தது. திரை முழுக்க எரிவது போல இருந்தது. ஏதாவது இருண்ட இடம் மிச்சம் இருக்கிறதா என்று தச்சர் விரலால் தேடினார்.

பிறகு என்னிடம் திரும்பினார். "இவ்வளவு இருக்கும்போது ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்கு எப்படிப் புரியுது?"

"தெரியலைங்க" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. அவர் கேட்ட பிறகுதான் மழையை நான் கேட்டேன்.

வாலு எக்கி நின்று ஜன்னலின் அடுத்த கதவையும் திறந்துவிட்டாள். திரை இன்னும் வெளிச்சமானது. சாரல் எல்லோர் மேலும் அடித்தது. ஒருவரும் நகரவில்லை.